இரண்டு ராத்திரி, ஒரு பகல், ஒரே ஸீட்! - அமெரிக்க 'கோச்' ரயில்களின் கதை

சிகாகோவில் மாலையில் ஏறினால் மறுநாள் முழுக்க ரயிலிலேயே இருந்து, அதற்கடுத்த நாள் காலையில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கலாம். தூரம் சுமார் 3,580 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி போவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். நேரம் 39 மணி 45 நிமிடம். இவ்வளவு தூரத்துக்கும் பெர்த் கிடையாது. சாய்ந்துகொள்ள ஒரு ஸீட், அவ்வளவுதான்!

1938 பிப்ரவரியில் சான்டா ஃபே ரயில் கம்பெனி ஓடவிட்ட 'எல் கேப்பிடன்' ரயிலின் கணக்கு இது. அமெரிக்க ரயில்களில் 'கோச்' என்றால் உட்கார்ந்தே போகும் வகுப்பு. நம்ம ஊர் சேர் காரை நினைத்துக்கொள்ளுங்கள். படுத்துத் தூங்க வேண்டுமென்றால் 'புல்மன்' பெட்டிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். எல் கேப்பிடனில் புல்மன் பெட்டியே கிடையாது, எல்லாமே கோச்தான். சாதாரண கோச் டிக்கெட்டுக்கு மேல் 5 டாலர் கூடுதல் கட்டணம்.

இதே தடத்தில் இதே கம்பெனியின் 'சூப்பர் சீஃப்' ரயிலும் ஓடியது. ஹாலிவுட் நட்சத்திரங்கள் ஏறும் ரயில் அது. தனி அறை, படுக்கை, உயர்தரச் சாப்பாடு என்று அதன் கெத்தே தனி. ஆனால், அந்த ரயிலுக்கும் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அதே 39 மணி 45 நிமிடம்தான். நடிகர் போய்ச் சேரும் அதே வேகத்தில் ஸ்கூல் டீச்சரும் போய்ச் சேரலாம்! அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

ஏனென்றால், அதற்கு முன்பு கோச் பயணம் என்பது கிட்டத்தட்ட ஒரு தண்டனை.

கரியும் புகையும் ஒரே டம்ளரும்

19-ம் நூற்றாண்டின் கோச் பெட்டி மரத்தால் ஆனது. குளிர்காலத்தில் பெட்டியின் கோடியில் ஒரு கரி அடுப்பு எரியும். அதன் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வியர்க்கும். நாலு ஸீட் தள்ளி உட்கார்ந்தவருக்குப் பல் கிட்டும். வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்தால் இன்ஜினின் கரித்தூள் கண்ணிலும் சட்டையிலும் வந்து விழும்.

பொழுதுபோக்குக்கும் சாப்பாட்டுக்கும் வழி, பெட்டிக்குப் பெட்டி நடந்து வியாபாரம் செய்யும் பையன்கள்தான். 'நியூஸ் புட்சர்' என்று அவர்களுக்குப் பெயர். பேப்பர், மிட்டாய், பழம் எல்லாம் விற்பார்கள். 1859-ல் மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் ஹ்யூரான் - டெட்ராய்ட் ரயிலில் இப்படி விற்ற 12 வயதுப் பையன் ஒருவன் பின்னாளில் உலகப் புகழ்பெற்றான். பெயர், தாமஸ் ஆல்வா எடிசன்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். பெட்டிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, எல்லோரும் வாய்வைத்துக் குடிக்க ஒரே ஒரு கோப்பை. கான்சஸ் மாநில சுகாதார அதிகாரி டாக்டர் சாமுவேல் க்ரம்பைன் ரயிலில் போகும்போது, காசநோயாளிகள் குடித்த அதே கோப்பையில் ஒரு குழந்தையும் குடிப்பதைப் பார்த்துப் பதறிப்போனார். அவருடைய முயற்சியால் 1909-ல் கான்சஸில் பொதுக் கோப்பைக்குத் தடை வந்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. ரயில்களில் பேப்பர் கப் நுழைந்தது. இன்றைக்கு டீக்கடையில் நாம் தூக்கிப்போடும் பேப்பர் கப்பின் கதையில் ஒரு ரயில் பெட்டியும் இருக்கிறது!

சாமானியர்களுக்கு வந்த யோகம்

1930-களில் பொருளாதாரம் படுத்துவிட்டது. ரயிலில் ஆள் குறைந்தது. கார், பஸ் போட்டி வேறு. இருந்த பயணிகளையாவது பிடித்துவைக்க வேண்டிய கட்டாயத்தில்தான், காசு குறைவான பயணிகளும் மனிதர்கள்தான் என்பது ரயில் கம்பெனிகளுக்கு உறைத்தது. (லாபம் குறையும்போது ஞானம் வருவது எல்லா ஊரிலும் உண்டு!)

1931-ல் பால்டிமோர் அண்டு ஒஹாயோ கம்பெனியின் 'கொலம்பியன்' ரயிலில் எல்லாப் பெட்டிகளுக்கும் ஏ.சி. வந்தது. 1935-ல் யூனியன் பசிபிக் கம்பெனி சிக்கனப் பயணிகளுக்கென்றே 'சேலஞ்சர்' ரயிலை விட்டது. காலைச் சாப்பாடு 25 சென்ட், மதியம் 30, இரவு 35. ஆக, 90 சென்ட்டில் ஒரு நாள் சாப்பாடு முடிந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் ரயிலிலேயே இருப்பார். கைக்குழந்தையோடு தனியாகப் போகும் அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்!

அந்த ஸீட்டுக்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. ஹெய்வுட்-வேக்ஃபீல்டு என்ற நாற்காலி கம்பெனி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மானுடவியல் பேராசிரியர் எர்னஸ்ட் ஹூட்டனிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. அமெரிக்கர்களின் உட்காரும் அளவு என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும்! அவருடைய குழு பாஸ்டன், சிகாகோ ரயில் நிலையங்களில் அளக்கும் நாற்காலியைப் போட்டு, சுமார் 3,800 பேரை உட்காரவைத்து அளந்தது. தொடை நீளம், இடுப்பு அகலம், தோள் உயரம், முழங்கை இருக்கும் இடம் ஒன்றையும் விடவில்லை. 1945-ல் அறிக்கை வெளியானது. இதை வைத்து உருவானதுதான் 'ஸ்லீப்பி ஹாலோ' என்ற சாய்வு ஸீட். அமெரிக்காவின் பல புகழ்பெற்ற ரயில்களின் கோச் பெட்டிகளில் இதுதான் இருந்தது. இப்போது விமானத்தின் எகானமி வகுப்பில் முழங்கால் முன் ஸீட்டில் இடிக்க உட்காரும்போது, நம்மையும் யாராவது அளந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

ராத்திரி நேர கோச்

சிறுவயதில் இந்த ரயில்களில் போனவர்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரிய ஜன்னல். சில்லறை கொடுத்தால் வாடகைக்குக் கிடைக்கும் வெள்ளைத் தலையணை. ராத்திரியானால் பெரிய விளக்குகள் அணைந்து மங்கலாக எரியும் சின்ன விளக்கு. யாரோ உரித்த ஆரஞ்சுப் பழத்தின் வாசம். பெட்டியின் கோடியில் கூம்பு வடிவ பேப்பர் கப்பில் குடித்த ஜில்லென்ற தண்ணீர். குழந்தைகளுக்குத் தாகம் இருந்ததோ இல்லையோ, அந்தக் கப்புக்காகவே பத்து தடவை எழுந்து போயிருக்கிறார்கள்.

தலைக்கு மேலே ஒரு சின்னச் சீட்டு செருகியிருக்கும். டிக்கெட்டை வாங்கிக்கொண்ட கண்டக்டர், நீங்கள் இறங்க வேண்டிய ஊரை அதில் குறித்துவைப்பார். அதிகாலை மூன்று மணிக்கு உங்கள் ஊர் வந்தால், அந்தச் சீட்டைப் பார்த்து மெதுவாகத் தோளைத் தட்டி எழுப்புவார்கள். ஊரைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயமில்லாமல் தூங்கலாம்.

பக்கத்து ஸீட்டில் யார் வருவார் என்பது மட்டும் லாட்டரிதான். புல்மன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவருக்கு அந்தக் கவலை இல்லை, அந்த சுவாரஸ்யமும் இல்லை. கோச்சில் இரண்டு நாள் ஒரே ஸீட்டில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியுமா?

கண்ணாடிக் கூரையும் காபியும்

1944-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சைரஸ் ஆஸ்பார்ன் என்ற அதிகாரி, கொலராடோ மலைகளுக்கு நடுவே ரயில் இன்ஜினில் உட்கார்ந்து போனார். க்ளென்வுட் பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்தவருக்கு, இந்தக் காட்சி டிரைவருக்கு மட்டும்தானா என்று தோன்றியிருக்கிறது. கூரைக்கு மேல் கண்ணாடி மாடம் வைத்த பெட்டியை வரைந்தார். மறுவருடமே பர்லிங்டன் கம்பெனி ஒரு கோச் பெட்டியைப் பிரித்து அப்படி மாற்றிக்காட்டியது.

1949 மார்ச்சில் சிகாகோவுக்கும் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்கும் இடையே ஓட ஆரம்பித்த 'கலிஃபோர்னியா ஸெஃபிர்' ரயிலில் இப்படி ஐந்து கண்ணாடி மாடங்கள். அவற்றில் மூன்று, கோச் பெட்டிகளின் மேல்! ஒவ்வொரு மாடத்திலும் 24 ஸீட். கூடுதல் காசு கிடையாது, ரிசர்வேஷன் கிடையாது. காலியாக இருந்தால் ஏறி உட்காரலாம். ராக்கி மலைகளும் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் பகல் வெளிச்சத்தில் வருகிற மாதிரியே டைம்டேபிள் போட்டிருந்தார்கள். சீக்கிரம் போய்ச் சேருவதைவிட ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுதான் முக்கியம் என்று முடிவெடுத்த ரயில்.

கோச் நினைவுகளில் மிகவும் நெகிழ்ச்சியான இடம், எந்தச் சொகுசும் இல்லாத போர்க்காலம்தான். இரண்டாம் உலகப்போரின்போது ராணுவ வீரர்களின் பெரும்பகுதியை ரயில்கள்தான் சுமந்தன. ஸீட் கிடைக்காதவர்கள் நடைபாதையில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்தே போனார்கள்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் ப்ளாட் என்று ஓர் ஊர். மக்கள்தொகை அப்போது சுமார் 12,000. 1941 டிசம்பர் 17 அன்று, தங்கள் மாநிலத்துப் படைப்பிரிவான 'கம்பெனி டி' ரயிலில் வருகிறது என்று கேள்விப்பட்டு, ஊரே பலகாரமும் பரிசுப்பொருள்களுமாக ஸ்டேஷனில் திரண்டது. ரயில் வந்து நின்றது. 'கம்பெனி டி'தான், ஆனால் கான்சஸ் மாநிலத்து 'கம்பெனி டி'! கூட்டம் ஒரு நிமிடம் திகைத்தது. பிறகு, கொண்டுவந்ததையெல்லாம் அந்த முகம் தெரியாத பையன்களிடமே கொடுத்தது.

அங்கே இருந்த ரே வில்சன் என்ற இளம்பெண், இதையே எல்லா ரயிலுக்கும் செய்தால் என்ன என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் அன்று கேன்டீன் தொடங்கிவிட்டது. நீராவி இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சாண்ட்விச், அவித்த முட்டை, காபி, பத்திரிகைகள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் முழு கேக்! சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களின் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு வந்து வேலை செய்தார்கள். சில நாள்களில் 20 ரயில்களுக்கு மேல் வரும். 1946 ஏப்ரல் 1 வரை, ஒரு நாள்கூட விடாமல், சுமார் 60 லட்சம் வீரர்களுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். கறுப்பின வீரர்களுக்கும் வெள்ளையின வீரர்களுக்கும் ஒரே மேஜையில்.

அந்தக் கடைசி வரியைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

ஷூ டப்பாவில் சாப்பாடு

இதுவரை சொன்ன ஜன்னலும் தலையணையும் எல்லா அமெரிக்கர்களின் நினைவிலும் இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனி கோச். 'ஜிம் க்ரோ கார்' என்பார்கள். பெரும்பாலும் இன்ஜினுக்கு அடுத்த பெட்டி. புகையும் கரியும் முதலில் வந்து சேரும் இடம். பல ரயில்களில் பாதிப் பெட்டி லக்கேஜுக்கு, மீதிப் பாதி இவர்களுக்கு.

1893-ல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தி இறக்கிவிடப்பட்ட கதை நமக்குத் தெரியும். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 1892 ஜூன் 7 அன்று, நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் ப்ளெஸ்ஸி என்பவர் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் வேண்டுமென்றே உட்கார்ந்தார். அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்குதான் கறுப்பினம். கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் சரி என்று 1896-ல் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நீதிபதி மட்டும் எதிர்த்தார். ஒரு ரயில் ஸீட்டில் தொடங்கிய அந்தத் தீர்ப்பு, பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றையும் பிரித்து வைத்தது. 2022 ஜனவரியில்தான் லூசியானா ஆளுநர் ப்ளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் இறந்து 96 வருடங்களுக்குப் பிறகு!

நியூயார்க்கில் எந்த ஸீட்டிலும் உட்கார்ந்து வரலாம். வாஷிங்டன் வந்ததும் தெற்கே போகும் கறுப்பினப் பயணிகள் மூட்டை முடிச்சோடு எழுந்து தனிப் பெட்டிக்கு மாற வேண்டும். சிகாகோ பக்கமிருந்து போகிறவர்களுக்கு இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற ஊர்தான் எல்லைக்கோடு. டிக்கெட் விலை மட்டும் மாறாது.

டைனிங் காருக்குள் விடமாட்டார்கள் அல்லது வெள்ளையர்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு திரைக்குப் பின்னால் உட்காரவைப்பார்கள். அதனால் அம்மாக்கள் ஷூ வாங்கிய அட்டைப்பெட்டியில் பொரித்த கோழி, அவித்த முட்டை, ஒரு துண்டு கேக் என்று கட்டிக்கொடுத்தார்கள். 1910-லிருந்து 1970 வரை தெற்கிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் பிழைப்பும் மரியாதையும் தேடி வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். அதில் ஏராளமானோர் கோச்சில்தான், மடியில் அந்த ஷூ டப்பாவோடுதான் போனார்கள். அந்தக் கோழியின் ருசியைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் எழுதுகிறார்கள். ஏன் டப்பாவில் கட்ட வேண்டியிருந்தது என்பதைச் சின்ன வயதில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

சிலர் வழக்கு போட்டார்கள். ஆர்தர் மிட்செல், அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர். 1937-ல் முதல் வகுப்பு டிக்கெட்டோடு போனவரை, மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி ஆர்கன்சாஸ் மாநிலம் வந்ததும் ஜிம் க்ரோ கோச்சுக்குத் துரத்தினார் கண்டக்டர். தன் வழக்கை உச்ச நீதிமன்றத்தில் தானே வாதாடி 1941-ல் ஜெயித்தார் மிட்செல். அடுத்த வருடம் எல்மர் ஹெண்டர்சன் என்ற அரசு ஊழியர் ரயிலில் இரவுச் சாப்பாட்டுக்குப் போனார். கறுப்பினப் பயணிகளுக்கான இரண்டு மேஜைகளிலும் வெள்ளையர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தும் தரவில்லை. இடம் கிடைத்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர்கள், டைனிங் காரைக் கழற்றும் வரை சொல்லி அனுப்பவேயில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக அவர் நடத்திய வழக்கில் 1950-ல் தீர்ப்பு வந்தது. டைனிங் காரின் அந்தத் திரை சட்டவிரோதமானது.

1955 ஆகஸ்ட் 20. சிகாகோவின் 63-வது தெரு ஸ்டேஷனில், 14 வயதுப் பையன் ஒருவன் அவசர அவசரமாக 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' ரயிலில் ஏறினான். 1,482 கிலோமீட்டரை ஒரே பகலில், 16 மணி நேரத்துக்குள் கடக்கும் முழு கோச் ரயில் அது. அந்த ரயிலைப் பற்றி ஸ்டீவ் குட்மன் எழுதிய பாட்டு 1972-ல் ஆர்லோ கத்ரியின் குரலில் பெரிய ஹிட். பாட்டைக் கேட்டவர்களுக்கு ரயிலைத் தெரியும். அந்தப் பையனின் பெயர் எம்மெட் டில். மிசிசிப்பியில் உறவினர் வீட்டில் லீவைக் கழிக்கப் போனான். ஏறுவதற்கு முன்பு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். எட்டு நாள் கழித்து, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று சொல்லி அவனைக் கடத்திச் சித்ரவதை செய்து கொன்றுவிட்டார்கள். அவன் உடல் சிகாகோவுக்கு ரயிலில்தான் திரும்பியது. சவப்பெட்டியைத் திறந்தேவைத்து ஊருக்கே காட்டினார் அம்மா மேமி டில். அந்த முகத்தைப் பார்த்து ஒரு தேசமே அதிர்ந்தது.

அதே வருடம் நவம்பரில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் ரயில்களில் நிறப் பிரிவினை கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. 1956 ஜனவரி 10 முதல் அமல்.

எல்லோருக்கும் திறந்தபோது...

1956 ஒரு விசித்திரமான வருடம். ஜனவரியில் சட்டப்படி எல்லாக் கோச் ஸீட்டும் எல்லோருக்கும் ஆனது. ஜூனில் அதிபர் ஐசன்ஹோவர் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஜூலையில் எல் கேப்பிடனுக்குப் புத்தம் புதிய இரட்டைத் தளப் பெட்டிகள் வந்தன. மேலே ஸீட்டும் பெரிய ஜன்னலும், கீழே லக்கேஜும் டாய்லெட்டும். கோச் பயணத்தின் உச்சம் என்று அதைத்தான் சொல்வேன். அதில் ஏற வேண்டிய கூட்டம் காரை எடுத்துக்கொண்டு புதிய சாலைகளில் கிளம்பிவிட்டது. கொஞ்ச நாளில் ஜெட் விமானமும் வந்தது. 1967-ல் தபால் துறை தன் ரயில் தபால் பெட்டிகளைப் பெருமளவில் நிறுத்திக்கொள்ள, பல ரயில்களுக்கு அந்த வருமானமும் போனது. கலிஃபோர்னியா ஸெஃபிர் 1970 மார்ச்சில் நின்றது. 1971 மே 1 அன்று அரசு ஆதரவில் 'ஆம்ட்ராக்' பொறுப்பேற்றபோது, நாட்டின் தொலைதூர ரயில்களில் சுமார் பாதி ஒரே நாளில் காணாமல் போயின. நார்த் ப்ளாட் ஸ்டேஷனை 1973-ல் இடித்துவிட்டார்கள்.

ஆனால், கோச் சாகவில்லை. எல் கேப்பிடனின் இரட்டைத் தளப் பெட்டியை முன்மாதிரியாக வைத்துத்தான் ஆம்ட்ராக் தன் 'சூப்பர்லைனர்' பெட்டிகளை உருவாக்கியது. கலிஃபோர்னியா ஸெஃபிர், சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ் என்ற பெயர்களில் இப்போதும் ரயில்கள் உண்டு. எல் கேப்பிடன் போன வழியில் 'சவுத்வெஸ்ட் சீஃப்' ஓடுகிறது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இப்போது சுமார் 43 மணி நேரம். அதாவது, 1938-ஐவிட மூன்று மணி நேரம் அதிகம்! ஸீட்டுக்கு மேலே இறங்கும் ஊரைக் குறித்துச் செருகும் அந்தச் சின்னச் சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.